அளந்தறியும் குளிர்

நுழையும்முன்

கோடையில் அறையைக் குளிர்விக்கும் எந்திரமும், தடுப்பூசி மருந்தைக் காக்கும் பெட்டியும், மீன்பிடித் துறைமுகத்தின் பனிக்கட்டி ஆலையும் ஒரே அறிவியல் நெறியால் இயங்குகின்றன. அவற்றின் குழாய்களுக்குள் சுழலும் குளிர்பதனப் பொருள் கண்ணுக்குத் தெரிவதில்லை. அதன் அளவு குறைந்தாலும் மிகுந்தாலும் எந்திரம் பழுதுறும்; அது வெளியே கசிந்தால் வளிமண்டலமும் கேடுறும். காணவியலாத அப்பொருளின் அளவை அழுத்தமானி, வெப்பமானி, தராசு ஆகியவற்றைக் கொண்டு எவ்வாறு கண்டறிகின்றனர் என்பதை இப்பாடம் விளக்குகிறது.

ஆவியாதலும் குளிர்ச்சியும்

மண்பானையில் ஊற்றி வைத்த நீர் கோடையிலும் குளிர்ந்திருப்பதைத் தமிழ்நாட்டில் அறியாதவர் இலர். பானையின் நுண்துளைகள் வழியே கசியும் நீர் புறப்பரப்பில் ஆவியாகிறது. நீர்மம் ஆவியாக மாறுவதற்கு வெப்பம் தேவை. அவ்வெப்பத்தைப் பானையிலிருந்தும் அதனுள் இருக்கும் நீரிலிருந்தும் அது எடுத்துக்கொள்கிறது. நிலைமாற்றத்தின்போது இவ்வாறு ஏற்கப்படும் வெப்பத்தை இயற்பியலார் உள்ளுறை வெப்பம் என்பர். குளிர்ச்சி என்பது தனியே உண்டாக்கப்படும் ஒரு பொருளன்று. ஓரிடத்திலிருந்து வெப்பம் நீங்குவதன் விளைவே அது.

கொதிநிலை அழுத்தத்தைச் சார்ந்தது என்பது அடுத்து அறிய வேண்டிய உண்மை. கடற்கரையில் 100 டிகிரி செல்சியஸில் கொதிக்கும் நீர், ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்திலுள்ள உதகமண்டலத்தில் 93 டிகிரியை எட்டுவதற்கு முன்பே கொதித்துவிடுகிறது. அங்குக் காற்றழுத்தம் குறைவு. மூடிய அழுத்தச் சமையற்கலனிலோ அதே நீர் 120 டிகிரியை நெருங்கும்வரை கொதிப்பதில்லை. அழுத்தம் குறைந்தால் கொதிநிலை தாழும். அழுத்தம் கூடினால் கொதிநிலை உயரும். குளிர்பதனத் தொழில்நுட்பம் முழுவதும் இவ்விரண்டு உண்மைகளின்மீதே எழுப்பப்பட்டுள்ளது.

நான்கு உறுப்புகள்

1834ஆம் ஆண்டில் ஜேக்கப் பெர்க்கின்ஸ் என்பவர், ஆவியை அமுக்கிக் குளிர் உண்டாக்கும் எந்திரத்திற்கு இலண்டனில் காப்புரிமை பெற்றார். இன்றைய வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியும் அதே அடிப்படையில்தான் இயங்குகிறது. அதில் நான்கு முதன்மை உறுப்புகள் உள்ளன.

முதலாவது, ஆவியாக்கி. அறைக்குள் இருக்கும் எந்திரத்தில் காணப்படும் செம்பு அல்லது அலுமினியச் சுருள் இதுவே. இங்குக் குளிர்பதனப் பொருள் குறைந்த அழுத்தத்தில் கொதித்து, அறைக்காற்றின் வெப்பத்தை ஏற்று ஆவியாகிறது. இரண்டாவது, கம்ப்ரசர் என வழங்கும் அமுக்கி. இது அந்த ஆவியை உறிஞ்சி, உயர் அழுத்தமும் உயர் வெப்பமும் உடையதாக வெளித்தள்ளுகிறது. மூன்றாவது, கண்டென்சர் என வழங்கும் திரவமாக்கி. வீட்டின் வெளியே விசிறியுடன் நிற்கும் இவ்வுறுப்பில் ஆவி தன் வெப்பத்தை வெளிக்காற்றுக்கு அளித்துத் திரவமாகிறது. நான்காவது, நுண்புழைக் குழாய் அல்லது விரிவு வால்வு. இக்குறுகிய வழியைக் கடக்கும்போது திரவத்தின் அழுத்தம் திடீரெனத் தாழ்கிறது. அழுத்தம் தாழ்ந்த திரவம் மீண்டும் ஆவியாக்கியை அடைந்து கொதிக்கத் தொடங்குகிறது.

இந்நான்கும் மூடிய ஒரு வட்டம். அவ்வட்டத்தில் அழுத்தம் குறைந்த பகுதியைக் கீழ்ப்பக்கம் என்றும், அழுத்தம் மிகுந்த பகுதியை மேல்பக்கம் என்றும் தொழிலர் குறிப்பிடுவர்.

தெரிந்து தெளிவோம்

எந்திரக் குளிர் பரவுவதற்கு முன்னர், வட அமெரிக்க ஏரிகளில் உறைந்த பனிக்கட்டிகளை வெட்டிக் கப்பலில் ஏற்றி இந்தியாவிற்கு அனுப்பினர். பிரெடரிக் டியூடர் என்னும் பாஸ்டன் நகர வணிகர் 1833இல் கொல்கத்தாவிற்குப் பனிக்கட்டி அனுப்பினார். சென்னைக் கடற்கரையில் பனிக்கட்டியைச் சேமிக்க 1842இல் எழுந்த கட்டடம் 'ஐஸ் ஹவுஸ்' எனப்பட்டது. 1897இல் சுவாமி விவேகானந்தர் தங்கிய அக்கட்டடமே இன்று விவேகானந்தர் இல்லம் என வழங்குகிறது.

தீர்ந்துபோகாத பொருள்

குழாய்களுக்குள் சுழலும் குளிர்பதனப் பொருளை மக்கள் 'கேஸ்' என்று அழைக்கின்றனர். சமையல் எரிவாயுவும் அதே பெயரால் வழங்குவதால் ஒரு தவறான எண்ணம் பரவியுள்ளது. அடுப்பில் எரிவாயு தீர்வதைப் போல, குளிரூட்டும் எந்திரத்திலும் ஆண்டுக்கொருமுறை 'கேஸ்' தீரும் என்றும், அதனை நிரப்புவது வழக்கமான பராமரிப்பு என்றும் பலர் கருதுகின்றனர்.

இது பொருந்தாக் கருத்து. குளிர்பதனப் பொருள் எரிவதில்லை, செலவாவதும் இல்லை. திரவமாகவும் ஆவியாகவும் மாறிமாறி ஒரே வட்டத்தில் சுழன்றுகொண்டே இருக்கிறது. உடலில் ஓடும் குருதியை ஒத்தது அது. குருதியின் அளவு குறைந்தால் எங்கோ காயம் இருக்க வேண்டும் என்று மருத்துவர் தேடுவார். எந்திரத்தில் குளிர்பதனப் பொருள் குறைந்திருந்தால் எங்கோ கசிவு உண்டு என்பதே பொருள். பற்றவைப்பு சரியாக அமையாத இணைப்பு, தளர்ந்த மரை, அரிப்புற்ற சுருள், அதிர்வினால் உராய்ந்து துளைவிழுந்த குழாய் ஆகியவற்றுள் ஒன்று காரணமாக இருக்கலாம். கசிவை அடைக்காமல் மீண்டும் நிரப்புவது ஓட்டைப் பானையில் நீர் ஊற்றுவதற்கு ஒப்பாகும். பானையில் வீணாவது நீர் மட்டுமே; இங்கோ பொருட்செலவுடன் சுற்றுச்சூழலுக்கும் கேடு விளைகிறது.

குறைவும் மிகுதியும்

எந்திரத்தை வடிவமைத்த பொறியாளர், அதற்குரிய குளிர்பதனப் பொருளின் வகையையும் எடையையும் வரையறுத்துள்ளார். வெளிப்புற எந்திரத்தில் ஒட்டப்பட்டுள்ள தகட்டில் அவ்விரண்டும் பொறிக்கப்பட்டிருக்கும். ஐசோபியூட்டேன் பயன்படுத்தும் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டிக்குச் சில பத்துக் கிராம்களே போதும். அத்தகைய பெட்டியில் பத்துக் கிராம் வேறுபாடுகூடப் பெரும்பிழையாகும்.

அளவு குறைந்தால் ஆவியாக்கியின் தொடக்கப் பகுதியிலேயே திரவம் முழுதும் கொதித்துத் தீர்ந்துவிடும். எஞ்சிய சுருள் பயனின்றிக் கிடக்கும். கீழ்ப்பக்க அழுத்தம் தாழ்வதால் கொதிநிலையும் தாழ்ந்து, சுருளின் தொடக்கத்தில் உறைபனி படியக்கூடும். அறையோ போதுமான அளவு குளிர்வதில்லை. எந்திரம் ஓய்வின்றி ஓட, மின்கட்டணம் ஏறும். பல அமுக்கிகள் தம்மிடம் திரும்பிவரும் குளிர்ந்த ஆவியாலேயே தம் வெப்பம் தணிபவை. அவ்வாவி குறையும்போது அமுக்கி சூடேறும்; அதன் மசகெண்ணெயும் சரிவரத் திரும்பாது.

அளவு மிகுந்தால் திரவமாக்கியில் திரவம் தேங்கி, ஆவி குளிர்வதற்கான இடம் சுருங்கும். மேல்பக்க அழுத்தம் உயரும். அமுக்கி கூடுதல் மின்னோட்டத்தை இழுக்கும். ஆவியாக முடியாத திரவம் அமுக்கிக்குள்ளேயே புகுந்துவிடவும் கூடும். ஆவியை அமுக்க அமைந்த கருவியால் திரவத்தை அமுக்க இயலாது; அதனால் வால்வுகள் முறியும். ஆகவே, 'சற்றுக் கூடுதலாக இருந்தால் நன்றாகக் குளிரும்' என்னும் எண்ணமும் தவறானதே.

அழுத்தம் மட்டும் சான்றாகாது

பழுதுபார்க்க வருபவர் முதலில் அழுத்தமானியை இணைக்கிறார். அது காட்டும் எண்ணை மட்டும் கண்டு 'கேஸ் குறைவு' என்று முடிவு கூறுவது எளிது. ஆனால் அம்முடிவு பிழையாகலாம். மூடிய கலத்தில் திரவமும் ஆவியும் சேர்ந்து இருக்கும்வரை அழுத்தம் வெப்பநிலையைப் பொறுத்தே அமையும். உள்ளே எவ்வளவு பொருள் இருக்கிறது என்பதைப் பொறுத்து அமையாது. முழு உருளையும் கால்பங்கு உருளையும் ஒரே வெப்பநிலையில் ஒரே அழுத்தத்தைக் காட்டுவதற்கு இதுவே காரணம்.

ஓடும் எந்திரத்தில் அழுத்தம் பல காரணங்களால் மாறும். வெளியே வெயில் கடுமையானால் மேல்பக்க அழுத்தம் உயரும். அறையின் வெப்பம் தணியத் தணியக் கீழ்ப்பக்க அழுத்தம் தாழும். தூசி படிந்த வடிகட்டி, ஓடாத விசிறி, அழுக்கடைந்த சுருள் ஆகிய ஒவ்வொன்றும் அழுத்தமானியின் முள்ளை அசைக்கும். எனவே, வடிகட்டியையும் சுருள்களையும் தூய்மை செய்து, விசிறிகள் இயங்குவதை உறுதிசெய்து, எந்திரத்தைப் பத்துப் பதினைந்து நிமிடங்கள் ஓடவிட்ட பின்னரே அளவெடுக்க வேண்டும்.

மிகைவெப்பமும் தாழ்குளிர்வும்

அழுத்தத்துடன் வெப்பநிலையையும் சேர்த்து அளக்கும்போதுதான் குழாயின் உள்நிலை புலப்படும். ஒவ்வொரு குளிர்பதனப் பொருளுக்கும் எந்த அழுத்தத்தில் எந்த வெப்பநிலையில் கொதிக்கும் என்னும் அட்டவணை உண்டு. பழைய அறைக் குளிரூட்டிகளில் பரவலாக இருந்த ஆர்-22 என்னும் பொருளைச் சான்றாகக் கொள்ளலாம். கீழ்ப்பக்க அழுத்தமானி 70 பி.எஸ்.ஐ. காட்டினால், ஆவியாக்கியில் அதன் கொதிநிலை சுமார் 5 டிகிரி செல்சியஸ் ஆகும். அமுக்கிக்குத் திரும்பும் பெரிய குழாயின் வெப்பநிலை 12 டிகிரி எனில், கொதித்து முடிந்த ஆவி மேலும் 7 டிகிரி சூடேறியுள்ளது. இவ்வேறுபாடே மிகைவெப்பம் எனப்படும். தொழிலர் வழக்கில் இது சூப்பர்ஹீட்.

மேல்பக்கத்திலும் இவ்வாறே கணக்கிடலாம். அழுத்தமானி சுமார் 235 பி.எஸ்.ஐ. காட்டினால், ஆர்-22 ஆவி திரவமாகும் வெப்பநிலை ஏறத்தாழ 45 டிகிரி ஆகும். திரவமாக்கியிலிருந்து வெளிவரும் சிறிய குழாய் 39 டிகிரி இருந்தால், திரவமான பின்னும் அப்பொருள் 6 டிகிரி குளிர்ந்துள்ளது. இதனைத் தாழ்குளிர்வு என்பர். தொழிலர் வழக்கில் சப்கூலிங்.

மிகைவெப்பம் ஆவியாக்கிக்குப் போதிய திரவம் கிடைக்கிறதா என்பதைக் காட்டுகிறது. தாழ்குளிர்வு திரவமாக்கியில் எவ்வளவு திரவம் சேர்ந்துள்ளது என்பதைக் காட்டுகிறது. நுண்புழைக் குழாய் அமைந்த எந்திரத்தில் மிகைவெப்பத்தையும், தானே திறந்து மூடும் வெப்ப விரிவு வால்வு அமைந்த எந்திரத்தில் தாழ்குளிர்வையும் முதன்மைச் சான்றாகக் கொள்வர். இருக்க வேண்டிய அளவு எல்லா நாளிலும் ஒன்றாக இராது. அறையின் வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் வெளிவெப்பத்தையும் பொறுத்து, உற்பத்தியாளர் தரும் அட்டவணையில் அதனைக் காண வேண்டும்.

ஒரே எண், மூன்று காரணங்கள்

இம்முறையின் பயனை மூன்று வீடுகளைக் கொண்டு விளங்கிக்கொள்ளலாம். மூன்றிலும் நுண்புழைக் குழாய் அமைந்த ஆர்-22 குளிரூட்டிகள் உள்ளன. மூன்றிலும் அறை குளிரவில்லை. மூன்றிலும் கீழ்ப்பக்க அழுத்தம் 50 பி.எஸ்.ஐ. மட்டுமே. அவ்வழுத்தத்தில் ஆர்-22இன் கொதிநிலை சுமார் சுழியத்திற்குக் கீழே 3 டிகிரி செல்சியஸ்.

முதல் வீட்டில் திரும்பும் குழாயின் வெப்பநிலை 17 டிகிரி. மிகைவெப்பம் 20 டிகிரி. தாழ்குளிர்வோ மிகக் குறைவு. ஆவியாக்கியும் திரவமின்றி வாடுகிறது. திரவமாக்கியிலும் திரவம் சேரவில்லை. குளிர்பதனப் பொருள் குறைந்துவிட்டது. கசிவைத் தேட வேண்டும்.

இரண்டாம் வீட்டில் திரும்பும் குழாய் சுழியத்திற்குக் கீழே 2 டிகிரி. மிகைவெப்பம் 1 டிகிரி மட்டுமே. ஆவியாக்கியில் திரவம் நிறைய உள்ளது. அதனைக் கொதிக்கச் செய்யும் வெப்பம்தான் வரவில்லை. வடிகட்டியைத் திறந்தால் தூசி அடைந்திருப்பதைக் காணலாம். இங்கு ஒரு கிராம்கூட நிரப்பத் தேவையில்லை. அழுத்தத்தை மட்டும் நம்பி நிரப்பியிருந்தால், திரவம் அமுக்கிக்குள் புகுந்து அதனை அழித்திருக்கும்.

மூன்றாம் வீட்டில் மிகைவெப்பம் முதல் வீட்டைப் போலவே 20 டிகிரி; ஆனால் தாழ்குளிர்வும் மிகுந்துள்ளது. திரவம் திரவமாக்கியில் தேங்கி நிற்க, ஆவியாக்கிக்கு அது வந்துசேரவில்லை. இடையிலுள்ள நுண்புழைக் குழாயிலோ வடிகட்டும் உருளையிலோ அடைப்பு உண்டு என்பது தெளிவு.

ஓர் எண்ணைக் கண்டவர் மூன்று இடத்திலும் ஒரே மருந்தை அளித்திருப்பார். மூன்று அளவுகளை ஒப்பிட்டவரோ இடத்திற்கு ஏற்ற மருந்தைக் காண்கிறார்.

மூன்று நிலைகளும் அளவுகளும்

பொருள் குறைவு : கீழழுத்தம் தாழ்வு; மிகைவெப்பம் மிகுதி; தாழ்குளிர்வு குறைவு.
உட்சுருளில் காற்றோட்டத் தடை : கீழழுத்தம் தாழ்வு, மிகைவெப்பம் குறைவு, தாழ்குளிர்வு ஏறத்தாழ இயல்பு.
நுண்புழை அடைப்பு : கீழழுத்தம் தாழ்வு, மிகைவெப்பம் மிகுதி, தாழ்குளிர்வு மிகுதி.

எடையே உறுதியான அளவு

அழுத்தமும் வெப்பநிலையும் நோயை அறியத் துணைபுரிகின்றன. மீண்டும் நிரப்பும்போது தராசே உறுதியான துணை. இன்றைய ஸ்பிளிட் வகை எந்திரங்கள் பலவற்றில் விரிவுக் கருவி வெளிப்புற எந்திரத்திற்குள்ளேயே உள்ளது. உயர் அழுத்தத் திரவக் குழாயை வெளியிலிருந்து அளக்க வாய்ப்பில்லை. இன்வெர்ட்டர் வகையில் அமுக்கியின் வேகம் தேவைக்கேற்ப மாறுவதால் அழுத்தமும் மாறிக்கொண்டே இருக்கும். இத்தகைய எந்திரங்களில் தகட்டில் குறித்த எடையை நிறுத்துப் போடுவதே முறை.

பணி பின்வரும் வரிசையில் நிகழும். எந்திரத்தில் எஞ்சியிருக்கும் பொருளை மீட்புக் கருவியால் தனி உருளையில் சேகரிக்க வேண்டும். பின்னர் உலர்ந்த நைட்ரஜனை அழுத்தச் சீராக்கியின் வழியே செலுத்தி, இணைப்புகளில் சோப்புக் கரைசல் தடவிக் குமிழி எழும் இடத்தைக் கண்டறிந்து செப்பனிட வேண்டும். அடுத்து வெற்றிட எக்கியால் குழாய்களில் உள்ள காற்றையும் ஈரத்தையும் வெளியேற்ற வேண்டும். ஈரம் தங்கினால் நுண்புழையில் பனியாக உறைந்து வழியை அடைக்கும். எண்ணெயுடன் சேர்ந்து அமிலத்தையும் உண்டாக்கும். காற்று தங்கினால் அது திரவமாகாமல் மேல்பக்க அழுத்தத்தை உயர்த்தும். எக்கியை நிறுத்திய பின்னும் வெற்றிடம் நிலைத்து நிற்பதை உறுதிசெய்த பிறகே, உருளையைத் தராசில் வைத்து, தகட்டில் கண்ட எடையளவு நிரப்ப வேண்டும். குழாயின் நீளம் குறிப்பிட்ட அளவைவிட மிகுந்தால், உற்பத்தியாளர் கூறியபடி ஒவ்வொரு மீட்டருக்கும் உரிய கிராம்களைக் கூட்டிக்கொள்ள வேண்டும். ஆர்-410ஏ போன்ற கலவைப் பொருளைத் திரவ நிலையிலேயே உருளையிலிருந்து எடுக்க வேண்டும். ஆவியாக எடுத்தால் கலவையின் விகிதம் மாறக்கூடும்.

தெரிந்து தெளிவோம்

'ஒன்றரை டன் குளிரூட்டி' என்பதில் உள்ள டன், எந்திரத்தின் எடையையோ குளிர்பதனப் பொருளின் எடையையோ குறிப்பதன்று. சுமார் 907 கிலோகிராம் பனிக்கட்டியை 24 மணி நேரத்தில் உருகச் செய்யும் வெப்பமே ஒரு டன். அது ஏறத்தாழ 3.5 கிலோவாட் ஆகும். பனிக்கட்டியைக் கொண்டு குளிரூட்டிய காலத்தின் எச்சமாக இச்சொல் நிலைத்துவிட்டது.

கசிவும் வளிமண்டலமும்

தொடக்கக் கால எந்திரங்களில் ஈதர், அம்மோனியா, சல்பர் டைஆக்சைடு ஆகியவை பயன்பட்டன. அவை எளிதில் தீப்பற்றுவனவாகவோ நச்சுத்தன்மை உடையனவாகவோ இருந்தன. 1928இல் தாமஸ் மிட்ஜ்லி என்னும் அமெரிக்க வேதியியலாளரும் அவர்தம் குழுவினரும் குளோரோபுளோரோகார்பன் வகைப் பொருளைக் குளிர்பதனத்திற்கு உரியதாக உருவாக்கினர். தீப்பற்றாத, நச்சுத்தன்மை குறைந்த அப்பொருளை உலகம் வரவேற்றது. அது கசிந்தாலும் கேடில்லை என்றே பல்லாண்டு நம்பினர்.

1974இல் மரியோ மொலினா, ஷெர்வுட் ரோலண்ட் ஆகிய அறிவியலறிஞர்கள், அப்பொருள் மேல் வளிமண்டலத்தை அடைந்து, புற ஊதாக் கதிரால் சிதைந்து, வெளிப்படும் குளோரின் ஓசோனை அழிக்கும் என்று எடுத்துரைத்தனர். 1985இல் அண்டார்க்டிகாவின் மேல் ஓசோன் படலம் பெரிதும் மெலிந்திருப்பதைப் பிரித்தானிய ஆய்வாளர்கள் வெளியிட்டனர். 1987 செப்டம்பர் 16ஆம் நாள் மாண்ட்ரியல் உடன்படிக்கை உருவானது. அந்நாளே இன்று உலக ஓசோன் நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. மொலினாவும் ரோலண்டும் பால் குருட்சனுடன் 1995இல் வேதியியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

ஓசோனைச் சிதைக்காத மாற்றுப் பொருள்கள் வந்தன. எனினும், அவற்றுள் பல வெப்பத்தைச் சிறைப்பிடித்துப் புவியைச் சூடாக்கும் தன்மை உடையவை. அவற்றைப் படிப்படியாகக் குறைக்க 2016இல் ருவாண்டா நாட்டின் கிகாலி நகரில் ஒரு திருத்தம் ஏற்கப்பட்டது. இந்தியா 2021இல் அதனை உறுதிப்படுத்தியது. நூறாண்டுக் கணக்கில் ஆர்-22 கார்பன் டைஆக்சைடைப் போல ஏறத்தாழ 1,800 மடங்கும், ஆர்-410ஏ ஏறத்தாழ 2,100 மடங்கும், ஆர்-32 ஏறத்தாழ 675 மடங்கும் புவியைச் சூடாக்க வல்லவை. ஒரு கிலோகிராம் ஆர்-22ஐக் காற்றில் திறந்துவிடுவது, ஏறக்குறைய 780 லிட்டர் பெட்ரோலை எரிப்பதற்கு நிகராகும். பழுதுபார்க்கும் ஒருவர் சில நொடி நேரத்தை மிச்சப்படுத்த வால்வைத் திறந்துவிடும்போது நிகழ்வது இதுவே.

காப்பும் கடமையும்

புதிய பொருள்கள் புவிக்கு நன்மை செய்யினும் கையாள்வோரிடம் கூடுதல் கவனத்தைக் கோருகின்றன. புரொப்பேன், ஐசோபியூட்டேன் ஆகியவை எளிதில் தீப்பற்றக்கூடியவை. ஆர்-32 மிதமாகத் தீப்பற்றக்கூடியது. எனவே, பற்றவைக்கும் முன் குழாயில் எஞ்சிய பொருளை முற்றிலும் நீக்கிக் காற்றோட்டத்தை உறுதிசெய்ய வேண்டும். பெரும்பாலான குளிர்பதன ஆவிகள் காற்றைவிடக் கனமானவை. மூடிய அறையில் தாழ்ந்து தேங்கி உயிர்வளியை விலக்கி மூச்சுத்திணறலை ஏற்படுத்தும். திரவம் தோலில் பட்டால் உறைபுண் உண்டாகும். ஆகவே கையுறையும் கண்காப்பும் இன்றியமையாதன. கசிவை ஆய நைட்ரஜனுக்கு மாற்றாக ஆக்சிஜனை ஒருபோதும் செலுத்தலாகாது. அமுக்கியின் எண்ணெயுடன் அது சேர்ந்தால் வெடிப்பு நேர்ந்து உயிரிழப்பு உண்டாகும். மீட்பு உருளையை அதன் கொள்ளளவில் 80 விழுக்காட்டிற்கு மேல் நிரப்புதலும், தீச்சுடரால் சூடேற்றுதலும் கூடா.

குளிரை நம்பி வாழும் உயிர்களை எண்ணினால் இப்பணியின் பெருமை விளங்கும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் தடுப்பூசிகள் பலவும் 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் வரையிலான வெப்பநிலையில் இருக்க வேண்டும். வெப்பம் மிகுந்தால் அவற்றின் ஆற்றல் குன்றும். ஹெபடைட்டிஸ்-பி போன்ற தடுப்பூசிகள் உறைந்துபோனாலும் பயனற்றுவிடும். பால் குளிரூட்டும் நிலையத்தில் எந்திரம் நின்றால் ஊரார் கறந்து தந்த பால் திரிந்துவிடும். அங்கெல்லாம் ஒரு தொழிலரின் கணிப்பு பிழையானால் அதன் இழப்பைச் சுமப்போர் வேறொருவர்.

நுகர்வோர்க்கும் இதில் பங்குண்டு. கசிவு எங்கே, எவ்வளவு பொருள் குறைந்தது, நிரப்பிய எடை எவ்வளவு என்னும் மூன்று வினாக்களைக் கேட்கும் இல்லத்தில், அளக்காமல் நிரப்பும் வழக்கம் தங்காது. அளந்து பணிசெய்யும் தொழிலருக்கு அக்கேள்விகள் சுமையாகா. அவர்தம் திறமையை எடுத்துக்காட்டும் வாய்ப்பாகவே அமையும். கண்ணால் காணவியலாத ஒன்றைப் பற்றி முடிவு கூறும் முன் அளத்தல் வேண்டும். ஓர் அளவோடு நில்லாமல் மற்றோர் அளவால் அதனைச் சரிபார்த்தல் வேண்டும். குளிர்பதனத் தொழிலின் அறமும் அறிவியலின் அறமும் இவ்விடத்தில் ஒன்றாகின்றன.

கற்பவை கற்றபின்

1. வீட்டிலோ பள்ளியிலோ உள்ள குளிர்சாதனப் பெட்டி அல்லது குளிரூட்டியின் தகட்டைப் பார்த்து, குளிர்பதனப் பொருளின் பெயரையும் எடையையும் குறித்து வகுப்பில் ஒப்பிடுக. எந்திரத்தைத் திறத்தல் கூடாது.
2. மண்பானையிலும் எவர்சில்வர் குடத்திலும் ஒரே அளவு நீர் வைத்து, மூன்று மணி நேரத்திற்குப் பின் இரண்டின் வெப்பநிலையையும் அளந்து, வேறுபாட்டிற்கான காரணத்தை எழுதுக.
3. 'அளக்காமல் கூறும் முடிவு' என்னும் தலைப்பில், அன்றாட வாழ்விலிருந்து சான்று காட்டி வகுப்பறையில் உரையாற்றுக.

கலைச்சொல் அறிவோம்

குளிர்பதனப் பொருள் - ரெஃப்ரிஜெரன்ட்
ஆவியாக்கி - எவாப்பரேட்டர்
அமுக்கி - கம்ப்ரசர்
திரவமாக்கி - கண்டென்சர்
நுண்புழைக் குழாய் - கேப்பிலரி டியூப்
விரிவு வால்வு - எக்ஸ்பான்ஷன் வால்வ்
மிகைவெப்பம் - சூப்பர்ஹீட்
தாழ்குளிர்வு - சப்கூலிங்

மதிப்பீடு

பலவுள் தெரிக

1. கீழ்ப்பக்க அழுத்தத்திற்குரிய கொதிநிலை 5 டிகிரி. திரும்பும் குழாயின் வெப்பநிலை 14 டிகிரி. மிகைவெப்பம்
அ) 5 டிகிரி ஆ) 9 டிகிரி இ) 14 டிகிரி ஈ) 19 டிகிரி

2. கீழழுத்தம் தாழ்ந்தும் மிகைவெப்பம் குறைந்தும் இருந்தால் முதலில் ஆராய வேண்டியது
அ) குழாய்க் கசிவு ஆ) நுண்புழை அடைப்பு இ) காற்று வடிகட்டி ஈ) மின்கம்பி

3. கசிவை ஆயக் குழாயில் செலுத்தத் தகுந்தது
அ) ஆக்சிஜன் ஆ) உலர்ந்த நைட்ரஜன் இ) நீராவி ஈ) சமையல் எரிவாயு

குறுவினா

1. மண்பானை நீர் குளிர்ந்திருப்பதன் காரணம் யாது?
2. குளிர்பதனப் பொருள் 'தீர்ந்துபோகாத பொருள்' எனப்படுவது ஏன்?
3. தாழ்குளிர்வு என்றால் என்ன?

சிறுவினா

1. அழுத்தமானியின் எண்ணை மட்டும் கொண்டு முடிவு கூறுதல் ஏன் பிழையாகும்?
2. குழாய்களில் ஈரமும் காற்றும் தங்குவதால் நேரும் தீங்குகளை எழுதுக.
3. மாண்ட்ரியல் உடன்படிக்கை தோன்றிய பின்னணியை விளக்குக.

நெடுவினா

1. ஒரே அழுத்தம் காட்டும் மூன்று எந்திரங்களின் வெவ்வேறு குறைகளைக் கண்டறியும் முறையைப் பாடப்பகுதி வழி விவரிக்க.
2. குளிர்பதனப் பணியில் தொழிலரும் நுகர்வோரும் கடைப்பிடிக்க வேண்டிய கடமைகளைத் தொகுத்து எழுதுக.